பெரட்டுக் களத்தில் மூன்று கோப்பை

நான் குடிகாரன் இல்லை. இப்படித் தொடங்கினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரியும். குடிகாரர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாழ்நாளில் ஒரே ஒரு நாள் குடித்திருக்கிறேன். மூன்று கோப்பை. காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில், விறைப்பாக நின்றுகொண்டு, தொண்ணூறு பேர் பார்க்கப் பார்க்க. அந்தத் தொண்ணூறு பேரில் நாற்பத்து மூன்று பேர் எங்கள் தோட்டத்து மதுவிலக்குச் சங்கத்தின் உறுப்பினர்கள். சங்கத்தின் செயலாளர் நான்.

அது ஜப்பான்காரன் காலம். கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தவன் நான். சுங்கை பட்டாணி இங்கிலீஷ் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன். படிக்க வைத்தவர் என் அண்ணன் வீராசாமி. என்னைவிட எட்டு வயது மூத்தவர், கைநாட்டு. தோட்டத்துப் புகைக்கொட்டாயில் வேலை. ரப்பர்ப் பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, தகடாக உருட்டி, வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகையில் உலர்த்துவார்களே, அந்தக் கொட்டாய். அண்ணனை எங்கே பார்த்தாலும் புகை நாற்றம் முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

ஏழாவது படித்த பையன் ஒரு தோட்டத்தில் எவ்வளவு தாங்கமுடியாதவனாக இருப்பான் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். சட்டைப்பையில் எப்போதும் பேனா இருக்கும். (மை இருக்காது.) நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் யாராவது தும்மினால் நோய்க்கிருமிகளைப் பற்றிப் பேசுவேன். பத்தொன்பது வயதில், கள்ளுக்கடைக்கு எதிரில் நின்று மதுவிலக்குச் சங்கம் தொடங்கினேன். முதல் கூட்டத்திலேயே நாற்பத்து மூன்று பேர் வரிசையில் நின்று 'இனிக் குடிக்கமாட்டேன்' என்று நோட்டுப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தார்கள். என் பேச்சின் மகிமை என்று நினைத்தேன். கைநாட்டு வைத்தவர்களுக்கு இன்னொரு வடை என்று அண்ணி அறிவித்திருந்தது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சண்டை வந்தது. ஒரு மத்தியானம் வெள்ளைக்காரத் துரை காரில் நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பினார், திரும்பவில்லை. அடுத்த வாரம் கணக்கு எழுதும் பெரிய கிராணியும் காணாமல் போனார். சின்னக் கிராணியாகிய நான் மட்டும் ஆபீசில் மிஞ்சினேன். தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது. (தெரியும் என்பது தோட்டத்தின் அபிப்பிராயம். நான் மறுக்கவில்லை.)

புதிதாக வந்த ஜப்பான்காரருக்கு முன்பல் ஒன்று தங்கம். தங்கப்பல் துரை என்று பேர் வைத்தோம். அவர் பேசுவது சந்தை மலாய். ரப்பரை வாங்க ஆள் இல்லாததால் பாதித் தோட்டத்தை வெட்டி மரவள்ளி நடச் சொன்னார். புகைக்கொட்டாயை மூடினார். அப்புறம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, போனவர் அதிகம் திரும்பாத சயாம் ரயில் வேலைக்குப் போகும் பத்துப் பேர் பட்டியலை டைப் அடிக்கச் சொன்னார்.

மூன்றாவது பெயர் வீராசாமி. கொட்டாய் மூடியாயிற்று, கொட்டாய் ஆள் எதற்கு என்பது தங்கப்பல் துரையின் நியாயம். அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். நான் கெஞ்சினேன், அவர் தலையே நிமிரவில்லை. என் படிப்புக்குப் பணம் கட்டிய மனிதரின் பெயரை, அந்தப் படிப்பைக் கொண்டே டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

மறுநாள் காலைப் பெரட்டு. ஆள் எண்ணி வேலை பிரித்துக்கொடுக்கும் களத்தில் எல்லாரும் வரிசையாக நின்றோம். தங்கப்பல் துரை ஒரு பால்மரத்து வேரடிக் கட்டைமேல் ஏறி நின்று முழங்கினார். நாளை மத்தியானம் அலோர் ஸ்டாரிலிருந்து பெரிய தூவான், அதாவது தனக்கு மேலதிகாரி, வருகிறார், பட்டியலில் கையெழுத்துப் போட்டு ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார் என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"உயிஸ்கி! உயிஸ்கி மாஹு!"

மாஹு என்றால் வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். மற்றது?

பின்வரிசையில் ஒரு அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ... உயிரக் கேக்கறான்டி!"

"யாரு உயிர?"

"ஆளச் சொல்லல. பொதுவாக் கேக்கறான்."

அழுகை கிளம்பியது. இரண்டு பேர் மரங்களுக்கு நடுவே ஓட்டம் எடுத்தார்கள். தங்கப்பல் துரைக்குக் காரணம் புரியாமல், இன்னும் சத்தமாக "உயிஸ்கி! உயிஸ்கி!" என்று கத்த, அழுகை இரண்டு மடங்கானது.

நான் வகுப்பில் செய்வதுபோல் கையைத் தூக்கினேன். "தூவான்... விஸ்கி?"

"ஹாய்! உயிஸ்கி!" ஆமாம் என்று தலையாட்டினார், முகம் மலர்ந்தது. பல் பளிச்சிட்டது.

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "பொதுமக்களே, அச்சம் வேண்டாம். அவர் கேட்பது ஒருவகை மது."

"சீமைச் சாராயமா? இந்தக் காலத்துலயா?" என்றார் சடையன். கள்ளுக்கடையின் பழைய தூண். என் சங்கத்தில் ஏழாவது கைநாட்டு. "அதுக்கு உயிரே தேவல லா. அதாச்சும் கைவசம் இருக்கு."

பெரட்டு கலைந்ததும் தங்கப்பல் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய தூவானுக்கு விஸ்கி என்றால் உயிராம். கிடைத்தால் 'அபாங் காவ்', அதாவது உன் அண்ணன், இங்கேயே இருக்கலாம். ஒரே ஆள் என்று ஒரு விரலைக் காட்டினார்.  

நேராகப் பழைய துரையின் பங்களாவுக்கு ஓடினேன். அங்கே சமையல் பார்த்த குக்கு மாணிக்கம் இன்னும் பின்கட்டில்தான் இருந்தார்.

"சாராயமா? எல்லாத்தையும் துரை கார்ல ஏத்திட்டாரு தம்பி. துரையம்மாவோட தையல் மிசின எறக்கி வச்சிட்டு ஏத்தினாரு."

"ஒண்ணுகூட இல்லியா அண்ணே?"

"ஒரு மருந்து பாட்டில்தான் இருக்கு. குளிக்கிற ரூம்பு அலமாரில. பல்லு வலிச்சா துரை அத வாயில ஊத்திக் கொப்புளிப்பாரு."

"கொப்புளிப்பாரா?"

"கொப்புளிப்பாரு. துப்பி மட்டும் நான் பார்த்ததில்ல."

முக்கால் பாட்டில். பச்சைக் கண்ணாடி. உள்ளே தேன் நிறத்தில் ஏதோ ஆடியது. எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். தங்கப்பல் துரை என் தோளில் தட்டி, நாளைக் காலைப் பெரட்டுக்குக் கொண்டுவா, அதுவரை பூட்டி வை என்றார். அவர் போனபிறகுதான், ஏழாவது படித்த மூளை மெதுவாக வேலை செய்யத் தொடங்கியது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

மதுவின் வாசனை எனக்குத் தெரியும்; எதிரியின் வாசனை தெரியாமல் சங்கம் நடத்தமுடியாது. கள்ளு புளிக்கும். வீட்டில் காய்ச்சும் சம்சுச் சாராயம் மூக்கைக் குத்தும். இது இரண்டும் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் புண்ணுக்குப் போடும் அயோடின் நாற்றம். அதற்கு அடியில் புகை. எரிந்த கயிறு. மழையில் நனைந்து மறுபடி எரிந்த கயிறு.

லேபிளைப் படித்தேன். பூச்சி தின்றதுபோக மிஞ்சியவை இரண்டே செய்திகள். ஒன்று, பத்து வருடம். இன்னொன்று, 'பீட்' என்ற சொல். பள்ளிக்கூடத்து அகராதியை எடுத்துப் புரட்டினேன். பீட்: சதுப்பு நிலத்தில் புல்லும் வேரும் மக்கி இறுகிய மண், காயவைத்து எரிக்கப்படும்.

மண்ணை எரித்த தண்ணீரா? அதுவும் பத்து வருடமாக? விஸ்கி என்ற சொல்லே லேபிளில் இல்லை. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் தோட்டத்தில் சீமைச் சாராயப் பாட்டிலை யாரும் தூக்கி எறிவதில்லை. அதில் தேங்காய் எண்ணெய் வைப்பார்கள், மண்ணெண்ணெய் வைப்பார்கள். பாலை உறையவைக்கும் ஆசிட்டும் அதில்தான் இருக்கும். இதைப் பெரிய தூவான் குடித்து ஏதாவது ஆகிவிட்டால், பட்டியல் பத்துப் பேரோடு நிற்காது.

யாராவது விஷயம் தெரிந்தவர் ருசி பார்த்துச் சொல்லவேண்டும். வெட்கத்தை விட்டுச் சடையன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்த்துச் சொல்லணும்."

சடையன் பாட்டிலை வாங்கி மோந்தார். முகம் சுருங்கியது. பாட்டிலை மரியாதையாக என் கையில் திருப்பிக் கொடுத்தார். "நான் கைநாட்டு வச்சவன் தம்பி."

"அது கள்ளுக்கு அண்ணே."

"நீங்க எழுதினது 'மது'ன்னு. கள்ளுன்னு எழுதல. அன்னிக்கு நீங்கதான அர்த்தம் சொன்னீங்க, மதுன்னா எல்லாம் அடக்கம்னு?"

"போன வாரம்கூட நீங்க மரவள்ளிச் சம்சு குடிச்சீங்களே!"

"அது தாகத்துக்கு." பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். மோந்தார்கள். மூவருக்கும் ஒரே நேரத்தில் சத்தியம் நினைவுக்கு வந்தது. என் சங்கம் அவ்வளவு கட்டுக்கோப்பாக இருந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கடைசியில் அண்ணனிடம் போனேன். அவர் பாட்டில் வாயை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். புகையில் பதினைந்து வருடம் கிடந்த மூக்கு.

"ரப்பர் விறகு இல்ல. காட்டு விறகும் இல்ல. எவனோ ஈர மண்ண எரிச்சிருக்கான். நல்ல நிதானமான புகை லா இது. அவசரப்படாம போட்டிருக்கான்."

"ஆசிட்டா இருக்குமா அண்ணே?"

"அதுக்கு எதுக்கு நாக்கு? பால் இருக்குல்ல."

எனக்கு அந்த யோசனையின் அழகு இன்னும் மறக்கவில்லை. ஆசிட் என்றால் ரப்பர்ப் பால் உறையும். ஆசிட் இல்லையென்றால் உறையாது. விஞ்ஞானம்! மறுநாள் விடிந்தும் விடியாமல் அண்ணன் ஒரு மரத்தில் வெட்டுப்போட்டு, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் பாதி எடுத்துவந்தார். நான் பாட்டிலைச் சாய்த்து அதற்குச் சமமாக ஊற்றினேன். அண்ணன் குச்சியால் ஒரு சுற்று கலக்கினார்.

குச்சியை எடுத்தார். மங்குப் பால் முழுவதும் ஒரே கட்டியாகக் குச்சியோடு வந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தயிர்க்கட்டி மாதிரி தொங்கியது.

"எங்க ஆசிட்டுகூட இவ்ளோ சீக்கிரம் புடிக்காது" என்றார் அண்ணன், தொழில் மரியாதையோடு. பிறகு குச்சியைக் கீழே போட்டார். "போய்ச் சொல்லிடு லிங்கா. இது ஆசிட்டுன்னு சொல்லிடு. ஒருத்தன் குடிச்சுச் செத்தா மொத்த லயத்தையும் அழிச்சிடுவானுங்க. என் பேரு லிஸ்டுல இருக்கட்டும்."

"அண்ணி?"

"நீ இருக்கல்ல."

அதற்குமேல் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. பெரட்டுக்கு நடந்தோம்.

தங்கப்பல் துரை கட்டைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, அதன்மேல் இனாமல் கோப்பை ஒன்றை வைத்துத் தயாராக நின்றார். நான் இடுப்பு வளைய வணங்கினேன். "தூவான், இனி புக்கான் உயிஸ்கி" என்றேன். இது விஸ்கி இல்லை. "இனி ஆசிட்."

அவர் முகம் மாறியது. நேற்று விஸ்கி, இன்று ஆசிட்டா? இரவோடு இரவாக நீ அதை ஒளித்துவைக்கப் பார்க்கிறாய் என்றார். பாட்டிலில் அளவு குறைந்திருந்தது வேறு. (பாலில் ஊற்றியதை நான் எந்த மலாயில் விளக்குவது?) கோப்பையில் பாதி ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

"மினும்." குடி.

 அப்போது வரிசையிலிருந்து அண்ணன் வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை, நேராகக் கோப்பையிடம் வந்தார். அவர் கை நீள்வதற்குள் நான் கோப்பையைப் பறித்துக்கொண்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தொண்ணூறு பேர் முன்னால் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு கோப்பைக்கு இழுபறி. பார்க்கிறவர்களுக்கு, யார் முதலில் குடிப்பது என்று அடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும்.

"விடுடா!"

"நீங்க விடுங்க!"

நான் விடுவித்துக்கொண்டேன். கூட்டத்தைப் பார்த்தேன். சாகும்போதும் நாலு வார்த்தை பேசாமல் சாக என்னால் முடியவில்லை. "தோழர்களே! நான் இப்போது அருந்துவது மது அல்ல, ஆசிட். ஆகவே சங்கத்தின் விதிகள் மீறப்படவில்லை" என்றேன். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் ஒரே மடக்கில் முழுங்கினேன்.

அந்த வகைச் சீமைச் சாராயத்தைப் புதிதாகக் குடிப்பவர் செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

முதலில் தொண்டையில் தீ. அது வயிற்றில் இறங்கியது. பிறகு, கீழேயிருந்து புகை மேலே வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, மூக்கு வழியாகவும் காது வழியாகவும் புகை வெளியேறுகிறது என்று சத்தியமாக நம்பினேன். என் குடல்களை யாரோ தகடு தகடாக உருட்டிக் கொட்டாயில் தொங்கவிட்டுவிட்டார்கள். அதற்குமேல் டிரெசர் அயோடின் தடவிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிச் சாவுக்காகக் காத்திருந்தேன்.

சாவு வரவில்லை. ஏப்பம் வந்தது.

கண்ணைத் திறந்தேன். அண்ணன் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று, உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிட் மட்டும்தான் பாலை உறையவைக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். காரமான சாராயமும் உறையவைக்கும் என்று போர் முடிந்தபிறகு ஆபீசுக்கு வந்த ஒருவர் போகிறபோக்கில் சொன்னார். எங்கள் விஞ்ஞானத்தில் குறை அந்த ஒன்றுதான்.

தங்கப்பல் துரைக்கு இப்போது நம்பிக்கை வந்தது. தானும் ஒரு மிடறு குடித்தார். உடனே தரையில் துப்பினார். "ஊபாட்!" என்று அலறினார். மருந்து! அவருக்கும் இது முதல்தடவை. சந்தேகத்தோடு பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல சரக்கா, கெட்டுப்போனதா? கேட்டால் சொல்ல அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு அனுபவசாலிதான் இருந்தான். அனுபவம் இரண்டு நிமிடம்.

இரண்டாவது கோப்பை வந்தது. இதை மெதுவாகக் குடித்தேன். தீ கொஞ்சம் தணிந்திருந்தது. மூன்றாவதை ஊற்றும்போது அண்ணனால் பொறுக்கமுடியவில்லை.

"தண்ணி ஊத்துடா. பாலுக்கு ஊத்தற மாதிரி ஊத்து. கெட்டியா இருந்தா எதுவும் பதம் தெரியாது."

யாரோ ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணன் தன் கையாலேயே அளந்து ஊற்றி, கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரப்பர்த் தகட்டைத் தரம் பார்த்து நம்பர் பிரிக்கும்போது அப்படித்தான் தூக்கிப் பார்ப்பார். குடித்தேன். இந்தமுறை புகைக்குப் பின்னால் ஏதோ இனிப்பு இருந்தது. மழை விட்டபிறகு கொட்டாய் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள் என்று தோன்றியது. தங்கப்பல் துரைகூட.

"எப்பிடிடா?" என்றார் அண்ணன்.

"முதல் நம்பர் அண்ணே."

"இச்சிபான்?" என்றார் தங்கப்பல் துரை.

"இச்சிபான்!" என்றேன். அவர் பாட்டிலைப் பிடுங்கி மூடினார். அண்ணன் பெயரை எடுத்துவிட்டு ஒன்பது பேருக்குப் புதுப் பட்டியல் டைப் அடி என்று உத்தரவு போட்டுவிட்டு பங்களாவுக்குப் போனார்.

நான் உடனே ஆபீசுக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் வேரடிக் கட்டை காலியாக இருந்தது. ஏறினேன்.

அன்று நான் பேசிய பேச்சைத் தோட்டத்தில் கேட்காதவர்கள் இல்லை. மதுவின் கொடுமைகளை, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விளக்கினேனாம். குடித்தவன் நிலைதவறுவான் என்று சொல்லி, எப்படித் தவறுவான் என்பதையும் காட்டினேனாம். இரண்டுமுறை.

"செயலாளரே!" என்றார் சடையன், கூட்டத்திலிருந்து. "சங்கத்துலேருந்து உங்கள நீக்கணும்னா யாருக்கு மனு போடறது?"

"எனக்குத்தான்!" என்றேன் பெருமையாக.

இறங்கி அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் என் மூச்சை மோந்துவிட்டு, "கொட்டாய மறுபடி தொறந்துட்டாங்க போலருக்கு" என்றார். அண்ணன் என்னைத் தோளில் போட்டு ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

டைப்ரைட்டரில் எழுத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. ஒரு விரலால் ஒவ்வொன்றாகப் பிடித்து அடித்தேன். அண்ணன் பக்கத்தில் நின்று பெயர்களைச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எல்லாரும் அவர் கூட்டாளிகள் என்பதால் மனப்பாடம். ஒன்பது பெயர். அண்ணன் பெயர் இல்லை. முடித்தபிறகு, எந்த வேலையை முடித்தாலும் அடியில் பெயர் போடவேண்டும் என்று பள்ளியில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. போட்டேன். ஒன்பதுக்குக் கீழே, அதே நேர்கோட்டில், ராமலிங்கம்.

தங்கப்பல் துரைக்கு இங்கிலீஷ் எழுத்து அவ்வளவாக வராது. வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

மத்தியானம் லாரியும் காரும் வந்தன. பெரிய தூவான் பங்களா வராந்தாவில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கிளாசில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு மிடறு குடித்துவிட்டு எதிரே இருந்த மரங்களைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். தங்கப்பல் மின்னியது. நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தப்பித்தோம்.

பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொருவராக முன்னால் போய் நின்றார்கள். ஒன்பது ஆயிற்று.

"ராமலிங்கம்!"

அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். நான் அவர் கையை எடுத்துவிட்டு முன்னால் நடந்தேன். நேராக நடந்ததாக எனக்கு ஞாபகம். (மற்றவர்கள் ஞாபகம் வேறு.) பத்தாவது ஆளாக நின்று, வணங்கக் குனிந்து, நிமிர மறந்துபோனேன்.

பெரிய தூவான் கிளாசோடு படியிறங்கி வந்தார். என் முன்னால் நின்றார். கிளாசை மோந்தார். குனிந்து என்னை மோந்தார். மறுபடி கிளாசை. அந்த வட்டாரத்தில் அந்த வாசனை இரண்டே இடத்தில்தான் இருக்கமுடியும். ஒன்று அவர் கையில் இருந்தது.

விழுந்தது அறை. இடது கன்னம். பிறகு வலது கன்னம். நான் நிமிர்ந்துவிட்டேன்.

தங்கப்பல் துரை ஓடிவந்தார். தன் தலையும் போய்விடும் என்ற பயத்தில் படபடவென்று ஜப்பான் மொழியில் கொட்டினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, கைகள் மட்டும் புரிந்தன. பாட்டிலைக் காட்டினார். தொண்டையைப் பிடித்து நாக்கைத் தள்ளி, விஷம் குடித்தவன் மாதிரி கண்ணைச் செருகினார். என்னைக் காட்டினார். மூன்று விரலை நீட்டினார். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, பாருங்கள், சாகவில்லை என்று காட்டினார்.

பெரிய தூவான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு துடித்தது. அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; கிளாஸ் தளும்பும் அளவுக்குச் சிரித்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்து, பட்டியலில் கடைசிப் பெயரை அடித்தார்.  அண்ணன் பின்னாலிருந்து என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

மற்ற ஒன்பது பேரும் லாரியில் ஏறினார்கள். நான்கு பேர் திரும்பி வந்தார்கள். அவர்களைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியாது. அன்று லாரி கிளம்பியபோது என் போதை முழுக்க இறங்கிவிட்டிருந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

சண்டை முடிந்தது. அண்ணன் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார். அங்கேதான் என் உண்மையான தண்டனை ஆரம்பித்தது. முதலில் அலோர் ஸ்டாரில் ஒரு கடைக்காரர் வீடு. மாப்பிள்ளை குடித்திருக்கிறாரா என்று கேட்டார்கள். அண்ணன் நெஞ்சு நிமிர்த்தி, "குடிச்சிருக்கான். காலங்காத்தால, மூணு கோப்பை, தண்ணி மாதிரி" என்றார். எங்களுக்குக் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் காப்பியே வரவில்லை.

மூன்றாவது இடத்துக்குப் போகும்போது வழியிலேயே கெஞ்சினேன். "அண்ணே, இந்த ஒருவாட்டி, குடிக்கறதில்லன்னு மட்டும் சொல்லுங்க."

"குடிப்பானான்னு கேட்டா, குடிக்கமாட்டான்னுதான் சொல்லுவேன். குடிச்சிருக்கானான்னு கேக்கறாங்களே? இல்லன்னு சொன்னா, நான் எப்படி உசிரோட வந்து அவங்க வீட்ல உக்காந்திருக்கேன்?"

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

புக்கிட் செலம்பாவ் வீட்டில் பெண்ணின் அப்பா அதே கேள்வியைக் கேட்டார். அண்ணன் இந்தமுறை ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். உயிஸ்கி, கொப்புளித்தது, பால் உறைந்தது, எல்லாம். எழுந்து நின்று நடித்துக் காட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைமேல் ஏறி நான் பேசிய இடம் வந்தபோது, உள்ளறைத் திரைக்குப் பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பிறகு ஒரு பெண்குரல், வழக்கத்தையெல்லாம் மீறி, சத்தமாகவே கேட்டது: "அவ்ளோ குடிச்சும் பேச்ச விடலியா?"

பெண்ணின் அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "பொண்ணே பேசிருச்சு. தட்ட மாத்திக்கலாம்."

அண்ணன் இப்போது இல்லை. கதையை என் மனைவிதான் சொல்கிறாள். கல்யாணமோ காதுகுத்தோ, பத்துப் பேர் சேர்ந்தால் போதும். அவள் சொல்லச் சொல்ல மூன்று கோப்பை ஒரு முழுப் பாட்டிலாகிவிட்டது. இரண்டு அறை பன்னிரண்டு ஆகிவிட்டது. சென்ற தீபாவளிக்கு நான் தங்கப்பல் துரையை முத்தமிட்டதாகச் சொன்னாள். அது மட்டும் பொறுக்காமல், "அப்படி எதுவும் நடக்கலயே" என்று குறுக்கிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். "அன்னிக்கு நீங்க இருந்த நெலமைக்கு, உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது?"